நல்ல தண்ணி எதற்கு, உப்புத் தண்ணி எதற்கு? கூடங்குளம் தங்கச்சிகளுக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரை ஊர்களில் பிறந்து, கூடங்குளம் பக்கம் வாக்கப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் ஒரே குழப்பமாக இருக்கும். பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. சோப்பு நுரைக்காமல் தோலில் பிசுபிசுக்கும். குளித்துவிட்டு வந்தால் தலைமுடி சிக்குப் பிடிக்கும். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு தெரியும். மாமியார் என்ன நினைப்பாரோ என்று மனசுக்குள் ஒரு பயம் வேறு. தங்கச்சி, உன் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஊர் மாறியதில் உனக்குத் தண்ணீர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் எங்கேயும் தனியாக வராது. போகிற வழியில் தொட்டதையெல்லாம் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் வரும். அதன் மூலக்கூறில் ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் நிற்காமல் சற்று வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்னேற்றம். இந்த இரண்டு முனையாலும் அது உப்பைப் பிரித்து இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். நம் ரத்தம் சத்தைச் சுமப்பதும், வேர் மண்ணிலிருந்து உரத்தை எடுப்பதும், சிறுநீர் கழிவை வெளியேற்றுவதும் இந்த ஒரு குணத்தால்தான். கெட்டதைக் கூட்டிக்கொண்டு வருவதும் இதே குணம்தான். அதனால் ஒரு குடம் தண்ணீரைப் பார்த்ததும், 'இது யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது?' என்று கேட்கப் பழகிக்கொள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பொதிகை மலையில் பெய்து கெட்டிப் பாறைமேல் ஓடிவரும் தாமிரபரணி அதிகம் கரைத்து வருவதில்லை. ஆனால் ராதாபுரம், திசையன்விளை பக்கத்து நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. இதை எங்கே பார்ப்பது என்கிறாயா? திசையன்விளை அருகே ஆயன்குளத்துக் கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 2021 வடகிழக்குப் பருவமழையில் வெள்ளநீர் அதற்குள் வாரக்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. 'அதிசயக் கிணறு' என்று ஊரே கூடிப் பார்த்தது. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்து, கீழே சுண்ணாம்புப் பாறைக்குள் குகைபோன்ற பாதைகள் இருப்பதைக் கண்டது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் நெடுங்காலம் பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய பாதைகள் அவை.

கரைந்த சுண்ணாம்பு எங்கே போனது? உன் போர் தண்ணீரில் இருக்கிறது. நீ அதைக் கொதிக்க வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிக் கெட்டிலின் அடியில் படிகிறது. ஆயன்குளத்தில் பூமிக்கடியில் நடந்த வேதிவினைதான் உன் அடுப்பில் தலைகீழாக நடக்கிறது.

இதிலேயே முதல் டிப்ஸ். சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமலே இடுக்கு வழியாக வேகமாக ஓடிவிடும். வீட்டுப் பின்னால் பாழுங்கிணறு கிடந்தால் அதில் குப்பை, கோழிக்கழிவு, பழைய மருந்து எதையும் கொட்டாதே, யாரையும் கொட்ட விடாதே. அது பக்கத்து வீட்டுக் குடத்துக்குள் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது.

சமையலுக்கு எது?

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நல்லியில் வரும் ஆற்றுத் தண்ணீர் நமக்கு நல்ல தண்ணி. போரிலும் கிணற்றிலும் எடுப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எப்போதும் அளவாகத்தான் கிடைக்கும் என்பதால் முதலில் எதற்கு ஒதுக்குவது என்று ஒரு வரிசை வைத்துக்கொள்: குடிக்க, பருப்பு ஊறவைக்க, வேகவைக்க, டீ போட. அதற்குப் பிறகு மிஞ்சினால் தலைக்கு.

பருப்பின் தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. அது கரைந்தால்தான் பருப்பு மசியும். உப்புத் தண்ணியில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். வேகவைப்பதற்கு மட்டும் நல்ல தண்ணி ஊற்றினால் போதாது, ஊறவைக்கிற தண்ணீரும் அதுவாகவே இருக்கட்டும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. சீக்கிரம் வேக ஆப்பச் சோடா போடுவார்கள். ஒரு சிட்டிகைக்கே பருப்பு குழைந்துவிடும், உண்மைதான். ஆனால் பி1 வைட்டமின் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

டீயின்மேல் ஏடுபோல ஒரு பழுப்புப் படலம் மிதந்தால் தேயிலையைக் குறை சொல்லாதே. தேயிலைச் சாறும் கால்சியமும் சேர்ந்து உண்டாக்கியது அது.

நல்ல தண்ணி வராத நாளில் உப்புத் தண்ணியைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கலக்காமல் மேலாக இறுத்து எடு. பைகார்பனேட்டாக இருக்கும் கடினத்தன்மை அதில் குறையும். சல்பேட், குளோரைடாக இருப்பது கொதித்தாலும் போகாது. நாலு நாள் செய்து பார்த்தாலே உன் வீட்டுத் தண்ணீர் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கெட்டில், ஹீட்டர் காயில், குக்கர் அடியில் கட்டிய வெள்ளையைக் கரண்டியால் சுரண்டாதே. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, அல்லது எலுமிச்சைச் சாறு விட்டு அரைமணி நேரம் ஊறவிடு. குமிழ் கிளம்பும், அது கார்பன் டை ஆக்சைடு. பிறகு சும்மா துடைத்தாலே வரும். காயில் என்றால் பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு செய். காயிலின்மேல் இந்தப் படிவு ஏற ஏற சூடு தண்ணீருக்குப் போகாது, கரண்ட் பில் ஏறும், காயிலும் சீக்கிரம் எரிந்துபோகும். அலுமினியப் பாத்திரத்தில் வினிகரை நெடுநேரம் விடாதே.

துணிக்கும் தலைக்கும்

குளியல் சோப்பும் பார் சோப்பும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காக மாறுகின்றன. தோலில் பிசுபிசுப்பதும் வாளி ஓரத்தில் சாம்பல் வளையமாக ஒட்டுவதும் அதுதான். துணிக்கு டிடர்ஜெண்ட் தூள் பரவாயில்லை. ஊறவைக்கும் முன்னால் வாளித் தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா போட்டுக் கலக்கினால் கால்சியம் அடியில் படிந்துவிடும், சோப்புத் தூளும் மிச்சமாகும். தலைக்கு நம்ம சீயக்காயே நல்லது, அது உப்புத் தண்ணியிலும் நுரைக்கும். கடைசி ஒரு செம்பு மட்டும் நல்ல தண்ணி ஊற்று, முடி சிக்காகாது.

கொதித்தால் எது போகும், எது போகாது?

இதை நிதானமாகப் படி. நம் வீடுகளில் 'கொதிக்கவைத்தால் எல்லாம் சுத்தம்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொதித்தால் கிருமி சாகும். உப்பு, ஃப்ளூரைடு, நைட்ரேட் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிஞ்சியதில் அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். வயலில் போட்ட உரம், கக்கூஸ் குழி, மாட்டுத் தொழுவம் இவற்றிலிருந்து நைட்ரேட் கிணற்றுக்கு இறங்கும். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும். ஆகவே பச்சைக் குழந்தைக்குப் பால்மாவு கலக்க, சோதித்துப் பார்க்காத கிணற்றுத் தண்ணீரை எடுக்கவே கூடாது, எத்தனை முறை கொதித்திருந்தாலும் சரி. தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் ஆறு மாதம்வரை தண்ணீரே வேண்டாம்.

மழை வெள்ளம் வந்தால் பிரச்சினை வேறு. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை மறந்திருக்க மாட்டாய். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். களிமண் துகள்கள் ஒரே மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால் தானாகப் படியாது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. அதன் சாறு துகள்களைச் சேர்த்துக் கட்டி அடியில் இறக்கிவிடும். முருங்கை விதைப் பொடியும் இதைச் செய்யும். தெளிந்ததால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தெளிந்த பிறகு வடிகட்டிக் கொதிக்கவை.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட அளவு இருக்கிறது. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் ஆழம் நின்றால் சுமார் 14,000 லிட்டர், அதற்கு 35 கிராம். பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி வாளியால் நன்றாகக் கலக்கு. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி, குறைந்தது ஒரு மணி நேரமாவது விடவேண்டும். திறந்து வைத்து ஈரம் குடித்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. இன்னொன்று: பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றாதே. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவை.

கடல் பக்கத்தில் இருந்தும் குடிக்க முடியாதது ஏன்?

பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பான சிறுநீரை உண்டாக்க முடியாது. குடித்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்கும். கருவாடு போடும்போது மீனில் உப்பைத் தூவினால் தண்ணீர் ஊறி வெளியே வருகிறதே, அதே சவ்வூடுபரவல். மீனில் நடந்தால் பதப்படுத்தல், நம் உடம்பில் நடந்தால் ஆபத்து.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் ஆனபோது பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கொண்டுவரும் யோசனை இருந்தது. குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். அது நெல்லுக்குப் பாயும் தண்ணீர். பிறகு நிலையத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அங்கே கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டாலேயே மேலும் கடல்நீரை ஆவியாக்குகிறார்கள். உப்பு பின்தங்கிவிடும், ஆவி குளிர்ந்து நல்ல தண்ணியாகும். நாளைக்கு 76.8 லட்சம் லிட்டர் கொள்ளளவு. நிலையத்துக்கும் அதன் குடியிருப்புக்கும் அந்தத் தண்ணீர் பயன்படுகிறது.

மின்சாரம் தயாரிக்கப் பயன்பட்ட நீராவியைக் குளிரவைக்கவும் நிலையத்தில் கடல்நீரை எடுத்து, சூடேறியதைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடு இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன் அந்த ஆக்சிஜனைத்தான் மூச்சாக எடுக்கிறது. கடலில் தொழிலுக்குப் போகிறவர்கள் இந்த 7 டிகிரியைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதை வம்பு என்று நினைக்காதே. அவர்கள் பிழைப்பு அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

உன் வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஆவியாக்குவதில்லை, சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. வெளியே வரும் கழிவுத் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும். அதைத் தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்று, செடிக்கு வேண்டாம். நல்லியில் வரும் ஆற்றுத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. ஏற்கெனவே உப்புக் குறைந்த தண்ணீரை மறுபடி வடிகட்டி, பாதியை வீணாக்குவது இந்தத் தண்ணீர்ப் பஞ்ச ஊரில் மனசு வலிக்கிற காரியம்.

பேதி வந்தால்

இந்தப் பகுதியை மட்டுமாவது கிழித்துச் சமையலறையில் ஒட்டிவை. பேதியாகும்போது குடல் தண்ணீரை மட்டும் உறிஞ்சாது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து குடல் சுவருக்குள் போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். வெறும் தண்ணீரை எவ்வளவு கொடுத்தாலும் பலன் குறைவு என்பது இதனால்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், ஆப்பச் சோடா கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, உறவினர்களே நோயாளிகளுக்குக் கொடுக்கும்படி செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது, ருசிக்குச் சர்க்கரை சேர்ப்பது, இரண்டும் தவறு. பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நல்ல தண்ணியில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புத் தண்ணியில் கலக்காதே, உப்பு அளவு கூடிவிடும். கூல்டிரிங்ஸ் கொடுக்கவே கொடுக்காதே. அளவுக்கு மீறிய சர்க்கரை உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியைக் கூட்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடு. வழியிலும் கொடுத்துக்கொண்டே போ.

பானை, ஐஸ், தொட்டி

மண்பானை குளிர்வது கசிந்த தண்ணீர் ஆவியாவதால். ஒரு கிராம் ஆவியாகச் சுமார் 580 கலோரி சூடு வேண்டும், அதைப் பானைக்குள் இருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று நம் ஊருக்குக் கிடைத்த கொடை. பானையை அடுப்படி மூலையில் வைக்காமல் நிழலில், காற்று வரும் ஜன்னலோரம் வை. உப்புத் தண்ணி ஊற்றினால் துளைகளில் உப்பு அடைத்து, கொஞ்ச நாளில் பானை குளிராது. வாரம் ஒருமுறை வெளிப்பக்கத்தை நார் போட்டுத் தேய்; சோப்பு வேண்டாம், பானை குடித்துக்கொள்ளும்.

இடிந்தகரையிலிருந்து மீன் வாங்கி வந்தால் உடைத்த ஐஸை அடியிலும் மேலும் போட்டு, உருகும் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பாத்திரத்தில் வை. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் சூடு, ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி ஏற்றுவதற்குச் சமம். ஆகவே கொஞ்ச ஐஸே நிறையத் தாங்கும். உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சத்தும் ருசியும் கரைந்துவிடும். ஃப்ரீசரில் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதே. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருகும்.

நல்ல தண்ணி நாள்விட்டு வரும் ஊரில் எல்லார் வீட்டிலும் டிரம், சிமெண்ட் தொட்டி. டெங்குக் கொசு முட்டையிடுவது இந்தச் சுத்தமான தண்ணீரில்தான். தண்ணீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோலாக இழுபட்டு நிற்கும், புழு அதில் தலைகீழாகத் தொங்கி மூச்சு விடும். வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து, உள்சுவரை நார் போட்டுத் தேய். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். டிரம்மின் வாயை மூடியோடு வேட்டித் துணியும் போட்டு இறுக்கிக் கட்டு. குடிக்காத, கொட்டவும் முடியாத தேங்கல் நீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் மேற்பரப்பில் பரவி, புழு மூச்சுவிட முடியாமல் சாகும்.

வீட்டுத் தோட்டத்தில் முருங்கை, தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். கீரைக்கும் மிளகாய்க்கும் அந்தத் தாங்குசக்தி கிடையாது. உப்புத் தண்ணியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். நாள்விட்டு, சாயங்காலமாக, வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விடு. மேலே தென்னை மட்டைத் துணுக்கோ சருகோ போட்டு மூடிவை.

மழை பிடிக்கவும் மறக்காதே. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே சுமார் 930 லிட்டர். கடற்காற்று மாடியெங்கும் உப்பைப் படியவைத்திருக்கும், அதனால் முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடி. பருப்பு வேகவைக்க அதைவிட நல்ல தண்ணி ஆற்றிலும் கிடைக்காது.

ஒருமுறை சோதித்துப் பார்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடி. கிருமிச் சோதனைக்கு வேறு பாட்டில், அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கு, அலசாதே. கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ரிப்போர்ட் வந்ததும் முதலில் நைட்ரேட்டைப் பார். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதில் சலுகையே இல்லை. அடுத்து ஃப்ளூரைடு, 1 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லையென்றால் 1.5 வரை. மொத்தக் கடினத்தன்மை 200, கரைந்த திடப்பொருள் 500 என்பது விரும்பத்தக்க அளவு. மாற்று இல்லாத ஊரில் 600 வரையும் 2,000 வரையும் அனுமதி உண்டு. கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை எடுத்துப் பார். இரண்டு காகிதத்தையும் ரேஷன் கார்டோடு பத்திரமாக வை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டு, அவள் கிணறும் அதே பாறையில்தான் இருக்கிறது.